மூன்று கோடும் மூன்று நாடாவும்

விடிவதற்கு முன்பே செவிலிமேடு பாலாற்றுப் பாலத்தில் கம்பெனி பஸ்களின் விளக்கு வெளிச்சம் விழத் தொடங்கிவிடும். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசிக்குப் போகிற சாலை அது. பஸ்ஸுக்குள் பெரும்பாலும் பெண்கள். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் சாப்பாட்டுப் பை. பாதிப் பேர் மிச்சத் தூக்கத்தை ஜன்னல் கம்பியில் சாய்ந்து முடித்துக்கொண்டிருப்பார்கள். ஆற்றைத் தாண்டி, மாவட்ட எல்லையையும் தாண்டினால் மாங்கால் கூட்ரோடு. அதை ஒட்டித்தான் செய்யாறு சிப்காட். அங்கே இருக்கிற பெரிய தொழிற்சாலையின் முழுப் பெயரைச் சுற்றுவட்டாரத்தில் யாரும் சொல்வதில்லை. 'ஷூ கம்பெனி' என்றால் போதும்.

முழுப் பெயர் லோட்டஸ் ஃபுட்வேர். தைவானின் ஃபெங் டே குழுமத்தைச் சேர்ந்தது. இருபது ஆண்டுகளுக்கு நெருக்கமாக அங்கே தயாராவது நைக்கியின் ஷூக்கள். நைக்கி தானே ஷூ தைப்பதில்லை. பெயர், வடிவமைப்பு, விளம்பரம், வீரர்களோடு போடும் ஒப்பந்தம் ஆகியவை அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இருக்கிற தலைமையகத்தின் வேலை. வெட்டுவது, ஒட்டுவது, தைப்பது எல்லாம் வியட்நாம், இந்தோனேசியா, சீனா, இந்தியா என்று எங்கெங்கோ இருக்கும் ஒப்பந்தத் தொழிற்சாலைகளின் வேலை.

பாலத்துக்கு இந்தப் பக்கம் பிள்ளையார்பாளையம். அங்கே தறிகளில் நெய்யப்படும் சேலை, ஊரின் பெயரைச் சொல்லி விற்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் தைக்கப்படும் ஷூ, கடல் தாண்டி இருக்கும் ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி விற்கிறது. ஒரு பெயருக்கு, அதைவிடச் சின்னதான ஒரு கோட்டுக்கு, இத்தனை விலை எப்படி வந்தது என்று தேடிப் போனால் பாதை நேராகக் கால்பந்து மைதானத்துக்குள் நுழைகிறது. அங்கே முதலில் கடை விரித்தது நைக்கி அல்ல, அடிடாஸ்.

ஜெர்மனியின் பவேரியாவில், ஔராக் என்ற சிற்றாற்றின் கரையில் ஹெர்ட்சோகெனௌராக் என்றொரு சிற்றூர். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் 'காஞ்சிபுரம்' என்ற பெயரோடு மல்லுக்கட்டும் ஜெர்மானியர்களை நினைத்தால் கணக்கு நேராகிவிடும். அந்த ஊரில் அடால்ஃப் டாஸ்லர், ருடால்ஃப் டாஸ்லர் என்ற அண்ணன் தம்பி சேர்ந்து 1924-ல் ஷூ கம்பெனி தொடங்கினார்கள். தம்பி அடால்ஃப் தொழில்நுட்பம் பார்ப்பவர்; எந்நேரமும் தோலும் ஆணியுமாக இருப்பவர். அண்ணன் ருடால்ஃப் வியாபாரி. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வாங்கிய ஜெஸ்ஸி ஓவன்ஸின் காலில் இருந்தது இவர்களுடைய ஷூதான். போர் முடிந்ததும் இருவருக்கும் ஆகாமல் போனது. ஏன் என்பதற்கு ஊரில் பல கதைகள். 1948-ல் பாகம் பிரித்தார்கள். அண்ணன் தொடங்கியது பூமா. தம்பி தன் செல்லப் பெயரான 'அடி'யையும் குடும்பப் பெயரின் முதல் எழுத்துகளையும் சேர்த்து 1949-ல் பதிவு செய்தது அடிடாஸ். அப்போது அவரிடம் 47 பேர் வேலை பார்த்தார்கள்.

அதோடு ஊரும் இரண்டானது. ஆற்றுக்கு இக்கரை ஒரு கம்பெனி, அக்கரை இன்னொன்று. ஒருவரைப் பார்த்ததும் முகத்தைப் பார்க்குமுன் காலைக் குனிந்து பார்ப்பார்களாம், எந்த ஷூ போட்டிருக்கிறார் என்று. அதனால் 'குனிந்த கழுத்துகளின் ஊர்' என்றே அதற்குப் பட்டப்பெயர். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது வேடிக்கையாகவே இருக்காது. வரதராஜர் கோயில் யானையின் நெற்றியில் வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று வழக்கு நடந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஒரு கோடு வளைகிறதா, கால் நீட்டுகிறதா என்பதில் எவ்வளவு பெரிய உரிமை அடங்கியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

அடிடாஸுக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தது ஒரு மழை. 1954 ஜூலை 4, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரம், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே நான்கு ஆண்டுகளாகத் தோல்வியே காணாத ஹங்கேரி. இதே தொடரின் முதல் சுற்றில் மேற்கு ஜெர்மனியை 8-3 என்று துவைத்துப் போட்ட அணி. அன்றும் எட்டு நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டுவிட்டது. ஆனால் மழை நிற்கவில்லை, தரை சேறாகிக்கொண்டே போனது. ஜெர்மன் வீரர்களின் ஷூவில் ஒரு புதுமை இருந்தது: அடியில் இருக்கும் குமிழ்களைத் திருகிக் கழற்றி, தரைக்கு ஏற்ற நீளத்தில் வேறு மாட்டிக்கொள்ளலாம். (நம் ஊர்ப் பையன்கள் 'ஸ்டட்' என்று ஷூவுக்கே பெயராக்கிவிட்டார்களே, அந்தக் குமிழ்கள்தான்.) அடால்ஃப் டாஸ்லர் அணியோடே பயணம் செய்தவர். சேற்றுக்கு நீளமான குமிழ்கள் மாட்டப்பட்டன. 84-வது நிமிடத்தில் ஹெல்முட் ரான் அடித்த கோலில் 3-2 என்று ஜெர்மனி வென்றது.

ஜெயித்தது ஷூவா, ஆட்டமா? ஆட்டம்தான். ஆனால் போரில் தோற்றுத் தலைகுனிந்திருந்த ஒரு நாடு நிமிர்ந்த நாளில் காலில் என்ன இருந்தது என்பதை யாரும் மறக்கவில்லை. மறக்க அடிடாஸ் விடவுமில்லை. திருகும் குமிழை முதலில் செய்தது நாங்கள்தான் என்று பூமா நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்க ஆள் இல்லை. உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கிடைக்கும் ஐந்து நிமிடப் புகழ், ஐம்பது வருட விளம்பரத்துக்குச் சமம் என்பதை விளையாட்டுப் பொருள் வியாபாரிகள் கற்றுக்கொண்டது அன்றுதான்.

அந்த மூன்று கோடுகளுக்கும் ஒரு கதை உண்டு. ஷூவின் பக்கவாட்டில் தோல் இழுபடாமல் இருக்கப் பட்டைத் தோல் வைத்துத் தைப்பது பழைய தொழில்முறை. அதையே அடையாளமாக்க அடால்ஃப் நினைத்தபோது, மூன்று பட்டை ஃபின்லாந்தின் கர்ஹு என்ற கம்பெனியிடம் இருந்தது. 1950-களின் தொடக்கத்தில் அதை அவர் வாங்கினார். கொடுத்த விலை, இன்றைய மதிப்பில் சுமார் 1,600 யூரோவும் இரண்டு பாட்டில் விஸ்கியும் என்று ஃபின்லாந்துக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். நைக்கியின் வளைகோடும் மலிவாக வந்ததுதான். 1971-ல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி வரைந்து கொடுத்தார். வாங்கிய கூலி 35 டாலர். (பின்னாளில் கம்பெனி அவருக்குப் பங்குகள் கொடுத்தது.)

காஞ்சி நெசவாளருக்கும் கோடுதான் அடையாளம். அவர் அதைக் கரை என்பார். உடல் ஒரு நிறம், இரண்டு பக்கமும் கரை வேறு நிறம். அந்த இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நிற்பதுதான் கோர்வை. அதற்கு ஊடை நூலைக் குறுக்கே ஓட்டும் நாடா மூன்று வேண்டும்: உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு. ஒருவரால் ஆகாது, பக்கத்தில் நாடா போட இன்னொருவர் உட்கார வேண்டும். நாளைக்குச் சில முழம் ஓடினால் பெரிது. சேலையே நைந்து கிழிந்தாலும் கரை கழன்று வராது என்று நெய்பவர் மார்தட்டிக்கொள்வார். அடிடாஸின் கோடுகள் ஒரு பொருளின் மேல் இடப்பட்டவை. இந்தக் கரை பொருளோடு பிறந்தது.

மறுபடி மைதானத்துக்கு வருவோம். 1970-ல் மெக்சிகோ உலகக் கோப்பை. இரண்டு முக்கியமான விஷயங்கள் நடந்தன. ஒன்று, அதிகாரப்பூர்வப் பந்தை அடிடாஸ் கொடுத்தது. 20 வெள்ளை அறுகோணம், 12 கறுப்பு ஐங்கோணம் சேர்த்துத் தைத்த அந்தப் பந்துக்கு 'டெல்ஸ்டார்' என்று ஒரு செயற்கைக்கோளின் பெயர். கறுப்பு வெள்ளை டி.வி.யில் பந்து பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த வடிவம். இன்று எந்தக் குழந்தையிடம் கால்பந்து வரையச் சொன்னாலும் வரைவது அதைத்தான். அன்றிலிருந்து உலகக் கோப்பைப் பந்து வேறு யார் கைக்கும் போகவில்லை. உலகக் கோப்பையை நடத்தும் ஃபிஃபாவோடு அடிடாஸுக்கு 2030 வரை ஒப்பந்தம் இருக்கிறது.

இன்னொன்று பெலேயின் ஷூ லேஸ். பெலேயை விலைக்கு வாங்கப் போட்டி போட்டால் இருவரும் போண்டியாகிவிடுவோம் என்று டாஸ்லர் குடும்பத்தின் அடுத்த தலைமுறை, அதாவது அடிடாஸின் ஹோர்ஸ்டும் பூமாவின் ஆர்மினும், அவரைத் தொடுவதில்லை என்று வாய்மொழி உடன்பாடு செய்துகொண்டிருந்தார்கள். பங்காளிகளின் உடன்பாடு எவ்வளவு நாள் தாங்கும்? பூமா ரகசியமாக பெலேயோடு பேசி முடித்தது. பெரு அணிக்கு எதிரான காலிறுதி தொடங்கப் போகும் நேரத்தில் பெலே நடுவரிடம் ஒரு நிமிடம் கேட்டுக் குனிந்து லேஸ் கட்ட, உலகத்தின் கேமராக்கள் எல்லாம் அவர் காலில் இருந்த பூமாவைப் படம் பிடித்தன. எல்லாம் பேசி வைத்துச் செய்தது என்றுதான் சொல்கிறார்கள்.

நான்கு ஆண்டு கழித்து அதற்கு மறுபக்கம். 1974-ல் நெதர்லாந்து அணியின் ஜெர்சி அடிடாஸ். அணியின் நட்சத்திரம் யோஹான் க்ரைஃப் பூமாவின் ஆள். மூன்று கோடு போட்ட சட்டையைப் போட மாட்டேன் என்று நின்றுவிட்டார். கடைசியில் அவருக்கு மட்டும் ஒரு கோட்டைக் கழித்து இரண்டு கோடு வைத்துச் சட்டை தைத்தார்கள். அப்படியே இறுதி ஆட்டம் வரை ஆடினார். பழைய படங்களைப் பார்த்தால் தெரியும்: பத்துப் பேர் தோளில் மூன்று, ஒருவர் தோளில் இரண்டு. வரதராஜர் யானை நினைவுக்கு வருகிறதா?

இதுவரை சொன்னது ஷூவும் சட்டையும். ஹோர்ஸ்ட் டாஸ்லர் அதற்கு அப்பால் போனார். இருபது வயதில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் வீரர்களுக்கு இலவசமாக ஷூ கொடுத்துப் பழகிய மனிதர். வீரரைப் பிடிப்பதைவிட விளையாட்டை நடத்துகிறவரைப் பிடிப்பது லாபம் என்று கண்டுகொண்டார். 1974-ல் பிரேசிலின் ஜோவா ஹாவலாஞ்ச் ஃபிஃபா தலைவரானார். உலகமெங்கும் கால்பந்தை வளர்ப்பேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் அவர் ஜெயித்திருந்தார். அதற்குப் பணம் வேண்டும். பணம் வரும் வழியை ஹோர்ஸ்ட் காட்டினார். ஸ்பான்சர் உரிமையை மொத்தமாக விற்பது, மைதான ஓரத்து விளம்பரப் பலகை, டி.வி. உரிமை என்று இன்று நாம் பார்க்கிற அத்தனையும் அந்தக் காலத்தில் வடிவெடுத்தவை. 1982-ல் ஐ.எஸ்.எல். என்ற விற்பனை நிறுவனத்தை அவர் தொடங்கினார். (நம் இந்தியன் சூப்பர் லீக்குக்கும் இதற்கும் எழுத்து ஒற்றுமை மட்டும்தான்.) ஹோர்ஸ்ட் 1987-ல் இறந்தார், ஐ.எஸ்.எல். 2001-ல் திவாலானது. திவாலான வீட்டைப் பெருக்கும்போதுதான் குப்பை வெளியே வந்தது. ஹாவலாஞ்சும் அவருடைய முன்னாள் மருமகன் ரிக்கார்டோ டெஷேராவும் அந்த நிறுவனத்திடம் பணம் வாங்கியது 2012-ல் வெளியான சுவிஸ் நீதிமன்ற ஆவணங்களில் பதிவாகியிருந்தது. மறு ஆண்டு ஹாவலாஞ்ச் ஃபிஃபாவின் கௌரவத் தலைவர் பதவியிலிருந்து விலகினார்.

வீரர் போடும் அதே சட்டையை ரசிகருக்கும் விற்கலாம் என்ற யோசனை அடிடாஸுடையது அல்ல. அது இங்கிலாந்தின் லெஸ்டர் பக்கத்தில் உள்ளாடை தயாரித்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனியின் யோசனை. அட்மிரல் என்ற பெயரில் 1974-ல் இங்கிலாந்து அணியோடு ஒப்பந்தம் போட்டார்கள். சட்டையில் தங்கள் சின்னத்தை வைத்தார்கள், அதே சட்டையைச் சிறுவர்கள் அளவில் தைத்துக் கடையில் தொங்கவிட்டார்கள். அப்பா அம்மாக்கள் புலம்பிக்கொண்டே வாங்கினார்கள். அட்மிரல் சில ஆண்டுகளில் நொடித்துப்போனாலும் யோசனை நிலைத்துவிட்டது.

பனியன் தைத்தவர்கள் ஜெர்சிக்குப் போன கதை என்றால் நமக்குத் திருப்பூர் ஞாபகம் வராமல் இருக்காது. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர். ஒவ்வொரு உலகக் கோப்பையின்போதும் கேரளத்துத் தெருக்களை நிறைக்கும் மஞ்சள், நீல வெள்ளை ஜெர்சிகளில் பெரும்பங்கு திருப்பூர்ச் சந்துகளில் தைத்து, பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போனவை. 2022-ல் கோழிக்கோடு புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் ரொனால்டோவுக்கும் ராட்சதக் கட்அவுட் வைத்ததை ஃபிஃபாவே உலகுக்குக் காட்டியதே, அந்த ரசிகர்களின் உடம்பில் இருப்பது பெரும்பாலும் அசல் அல்ல. அசல் ஜெர்சிக்குச் சில ஆயிரம் ரூபாய் வேண்டும். இது சில நூறு. சட்டப்படி நகல் குற்றம்தான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விலை வித்தியாசத்தில் துணிக்கும் தையலுக்கும் எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு என்று ஓரளவு புரியும். போலிச் சரிகை போட்ட 'காஞ்சிப் பட்டு' தெருவுக்குத் தெரு விற்பதைப் பார்த்து வயிறு எரியும் காஞ்சி நெசவாளர் இந்த விஷயத்தில் அடிடாஸ் பக்கம் நிற்கவும் கூடும்!

திருப்பூருக்கு ஒரு குறை உண்டு. அது பருத்தியின் ஊர். சர்வதேச மைதானத்துக்குப் போகும் ஜெர்சி வியர்வையை உறிஞ்சாமல் வெளியே தள்ளும் பாலியெஸ்டர். அந்த நூலிலும் சாயத்திலும் சீனாவும் வியட்நாமும் முந்திக்கொண்டன. திருப்பூர் இப்போதுதான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது.

நைக்கி கால்பந்துக்குள் உண்மையாகக் கால் வைத்தது 1994 அமெரிக்க உலகக் கோப்பைக்குப் பிறகு. வந்த வேகத்தில் 1996-ல் பிரேசில் அணியைப் பத்து ஆண்டுக்கு 16 கோடி டாலர் கொடுத்துப் பிடித்தது. 1998 இறுதி ஆட்டத்தன்று பிரேசிலின் நட்சத்திரம் ரொனால்டோவுக்கு (புள்ளாவூர்க் கட்அவுட்டில் இருந்தவர் வேறு ரொனால்டோ) வலிப்பு வந்து, முதலில் பட்டியலில் பெயர் இல்லாமல், பிறகு சேர்க்கப்பட்டு, ஆடியும் ஆடாத மாதிரி நின்று பிரேசில் தோற்றபோது, ஆட வைத்தது நைக்கிதான் என்று நாடே பேசியது. நைக்கி மறுத்தது. நாடாளுமன்றமே விசாரித்தது, ரொனால்டோவையே கூப்பிட்டுக் கேட்டார்கள். அப்படி நடந்ததாக நிரூபணமாகவில்லை. ஒரு ஷூ கம்பெனியின் ஒப்பந்தத்தை ஒரு நாட்டின் நாடாளுமன்றம் பிரித்துப் படித்தது என்பதே அந்தத் தொழில் எட்டிய உயரத்துக்குச் சாட்சி.

2018 மாஸ்கோ இறுதியில் ஃபிரான்ஸ், குரோஷியா இரண்டு அணிகளும் நைக்கி. 2022 கத்தாரில் 32 அணிகளில் 13 நைக்கி, 7 அடிடாஸ், 6 பூமா. மற்ற எல்லாக் கம்பெனிகளுக்கும் சேர்த்து மிச்சம் ஆறு. இறுதியில் அடிடாஸின் அர்ஜென்டினா நைக்கியின் ஃபிரான்ஸை வென்றதும் மெஸ்ஸி ஜெர்சி உலகெங்கும் தட்டுப்பாடானது. ஆனால் அடிடாஸுக்குப் பெரிய அடி 2024 மார்ச் 21 அன்று விழுந்தது. பெர்ன் மழையிலிருந்து எழுபது ஆண்டுகளாகக் கூடவே இருந்த ஜெர்மன் அணி, 2027 முதல் நைக்கிக்குப் போவதாக அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் அறிவித்தது. கொஞ்சம் ஊர்ப் பற்று இருந்திருக்கலாம் என்று பொருளாதார அமைச்சர் ராபர்ட் ஹாபெக்கே வருத்தப்பட்டார். நைக்கி ஆண்டுக்குத் தருவது சுமார் 10 கோடி யூரோ, அடிடாஸ் கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு என்று ஜெர்மன் பத்திரிகைகள் எழுதின. அந்தக் கோடையில் யூரோ கோப்பைக்கு ஜெர்மன் அணி தங்கிப் பயிற்சி எடுத்த இடம் எது தெரியுமா? ஹெர்ட்சோகெனௌராக்கில் அடிடாஸ் வளாகம்தான். வேறு வீட்டில் சம்பந்தம் பேசி முடித்துவிட்டு மாமன் வீட்டு விருந்துக்கு வந்த மாதிரி.

இந்தக் கோடிகளின் மறுமுனையில் யார் இருந்தார்கள் என்பது வெகுநாள் வெளியே தெரியவில்லை. அடிடாஸ் கொடுத்த பந்துகள் உட்பட உலகின் தரமான கால்பந்துகளில் பெரும்பங்கு பாகிஸ்தானின் சியால்கோட் நகரைச் சுற்றிய கிராமங்களில் கையால் தைக்கப்பட்டவை. 1996-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை, நைக்கி சின்னம் போட்ட பந்தைத் தைத்துக்கொண்டிருந்த சிறுவனின் படத்தைப் போட்டதும் உலகம் அதிர்ந்தது. 1997 பிப்ரவரியில் அமெரிக்காவின் அட்லாண்டாவில், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் சியால்கோட் வர்த்தக சபையும் குழந்தைகளை வேலையிலிருந்து மீட்க ஒப்பந்தம் போட்டன. வீடுகளில் நடந்த தையல், கண்காணிக்கக்கூடிய கூடங்களுக்கு மாறியது. பிறகு பந்தின் தொழில்நுட்பமே மாறி, 32 துண்டு குறைந்து குறைந்து, 2014-ல் ஆறு துண்டை வெப்பத்தில் ஒட்டிச் செய்த 'பிரசூகா' வந்தது. அதையும் சியால்கோட்டில்தான் செய்தார்கள். தைத்த கைகளில் பலவற்றுக்கு அங்கே வேலை இல்லை.

இதைப் படித்து அடுத்த நாட்டைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. கோர்வைத் தறியில் பக்க நாடா போட இன்னொருவர் வேண்டும் என்று மேலே சொன்னோமே, அந்த இன்னொருவர் பல வீடுகளில் பள்ளிக்குப் போகாத பிள்ளையாக இருந்த காலம் உண்டு. முன்பணம் வாங்கிய கடனுக்காக அடுத்தவர் தறியில் உட்கார்ந்த பிள்ளைகளும் உண்டு. 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட இந்தியப் பட்டுத் தொழில் பற்றிய அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. மீட்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் நடந்தன. பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். படித்து முடித்தவர்கள் தறிக்குத் திரும்பவில்லை. பக்க நாடாவுக்கு ஆள் இல்லாமல் கோர்வை குறைந்துகொண்டே வருவதற்கு அதுவும் ஒரு காரணம். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகளை உட்கார வைத்துத்தான் ஒரு கலை பிழைக்க வேண்டும் என்றால், அந்தக் கலை வேறு வழி தேடிக்கொள்ளட்டும்.

சர்வதேசக் கால்பந்தில் இந்தியாவின் காலில் என்ன இருந்தது? தொடக்கத்தில் ஒன்றுமே இல்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஃபிரான்ஸை எதிர்த்து ஆடியவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கினார்கள். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட, 2-1 என்றுதான் தோற்றோம். 1952 ஹெல்சிங்கி குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று வாங்கிய அடிக்குப் பிறகு ஷூ கட்டாயமானது. 1960 ரோமில் பெரு அணிக்கு எதிராகத் தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ் போட்டதுதான் ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட கடைசிக் கோல். 2006 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் இந்திய அணிக்குச் சட்டை கொடுத்தது நைக்கி. பிறகு சிக்ஸ்5சிக்ஸ் என்ற உள்நாட்டு நிறுவனம், 2023 முதல் ரிலையன்ஸின் பெர்ஃபார்மேக்ஸ். அதே 2023-ல் அடிடாஸும் இந்தியாவில் ஒப்பந்தம் போட்டது. கால்பந்து அணியோடு அல்ல, கிரிக்கெட் அணியோடு. மூன்று கோடு எங்கே போகும் என்பதை ரசிகர் கூட்டம்தான் முடிவு செய்கிறது.

ஆனால் தையல் நம்மிடம் வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் தொழிலில் நூறாண்டுப் பழக்கம் உள்ள பகுதி இது. விளையாட்டு ஷூ தோலில் இல்லை. பின்னல் துணி, நுரை, ரப்பர், பசை. அதில் கைதேர்ந்த தைவான் கம்பெனிகள் சீனாவுக்கு அப்பால் இடம் தேடுகின்றன. தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் காலணிகளுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. நைக்கிக்கும் அடிடாஸுக்கும் ஷூ செய்யும் பௌ சென் குழுமம் 2023-ல் 2,302 கோடி ரூபாய்க்குக் கள்ளக்குறிச்சியை நோக்கி வந்தது. காஞ்சிபுரத்துக்கு வடமேற்கே, கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க பனப்பாக்கத்தில் ஹாங் ஃபூ குழுமத்தின் 1,500 கோடி ரூபாய்த் தொழிற்சாலைக்கு 2024 டிசம்பரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். 25,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. தெற்கே செய்யாறு, வடமேற்கே பனப்பாக்கம். நடுவில் தறி.

இங்கே தயாராகும் ஷூக்கள் எல்லாம் உலகக் கோப்பை மைதானத்துக்குப் போகிறவை அல்ல. நடக்க, ஓட, கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போக என்று விற்பவைதான் ஏராளம். மைதானத்தில் ஒருவர் காலில் இருக்கும் கோடு, தெருவில் லட்சம் பேரை வாங்க வைக்கிறது. கால்பந்துக்குக் கொட்டும் கோடிகள் திரும்பி வருவது இந்த வழியில்தான். இந்த ஓட்டத்தில் செய்யாறு பஸ்ஸில் போகும் பெண்ணுக்கு வருவது மாதச் சம்பளமும், பி.எஃப்.பும், ஈ.எஸ்.ஐ.யும். சின்ன விஷயம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். சேலைக்குச் சேலை கூலி வாங்கி, மழைக்காலத்தில் பாவு விறைத்துத் தறி நின்றால் வருமானமும் நின்றுபோகும் வீட்டில், மாதம் முதல் வாரத்தில் வங்கிக் கணக்கில் விழும் பணத்தின் அருமை வேறு. அதற்காகவே நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் சிப்காட் பக்கம் திரும்புகிறார்கள்.

ஆனால் அந்த ஷூவில் அவர்களுக்கு ஒரு கோடும் சொந்தமில்லை. கோட்டின் சொந்தக்காரர்கள் அதை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் போதும்: மூன்று இணைகோடுகள் எந்தத் திசையில் இருந்தாலும் தனக்கே உரியவை என்று ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும் பதிவு செய்து வைத்திருந்தது அடிடாஸ். அது செல்லாது என்று 2019 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகும், தன்னிடம் உள்ள மற்றப் பதிவுகளை வைத்துக்கொண்டு இன்றுவரை வழக்குகள் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கும் 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வித்தியாசம் ஒன்று: அந்தக் குறி ஒரு கம்பெனியின் சொத்து அல்ல, ஊரின் சொத்து. அதற்காகக் கோர்ட் படி ஏறச் சம்பளம் வாங்கும் வக்கீல் படை ஊரிடம் இல்லை.

அடுத்த முறை ஷூக் கடைக்குப் போனால் நாக்குப் பகுதியைத் திருப்பி உள்ளே தைத்திருக்கும் சின்னத் துணியைப் படித்துப் பாருங்கள். அளவு இருக்கும், நாட்டின் பெயர் இருக்கும். இந்தியா என்று போட்டிருந்தால், அது மாங்கால் கூட்ரோட்டில் இறங்கி வேலைக்குப் போன ஒருவர் கைபட்டதாக இருக்கலாம். ஊர்ப் பெயர் அதில் இருக்காது.